பாங்கு பிறந்த கதை

நீளமான ஒரு பலகை, அதைத் தட்டுவதற்கு ஒரு குறுங்கட்டை. அரபியில் இதற்கு நாகூஸ் என்று பெயர். கீழ்த்திசைக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட இதைத்தான் தட்டினார்கள். மதீனா பள்ளிவாசலுக்கும் அப்படி ஒன்றைச் செய்யச் சொல்லி உத்தரவாகிவிட்டது. மரத்தைச் செதுக்கியும் முடித்துவிட்டார்கள் என்று நபி வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. உலகமெங்கும் பள்ளிவாசல்களில் இன்று கட்டை தட்டும் சத்தம் கேட்டிருக்கலாம். கேட்காமல் போனதற்குக் காரணம், இடையில் ஒருவர் கண்ட கனவு.

தொழுகை நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து எழும் அழைப்புக்கு அரபியில் அதான் என்று பெயர். தமிழ் முஸ்லிம்களுக்கு அது பாங்கு. பாரசீகத்தில் 'பாங்க்' என்றால் குரல், கூவல். அந்தச் சொல் தமிழுக்குள் வந்தபோது அழகு, முறைமை என்ற பொருளில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு 'பாங்கு' இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. "பாங்கு சொல்லியாச்சா?" என்றுதான் வீடுகளில் கேட்பார்கள். பாடியாச்சா என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு ராகமாக ஒலித்தாலும் பாங்கு பாட்டு அல்ல, பேச்சு. ஓர் ஓசையைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பேச்சு கிடைத்த கதைதான் இது.

ஆள் சேர்ப்பது எப்படி?

மக்காவில் இருந்தவரை இந்தப் பிரச்சினையே எழவில்லை. சேர்ந்து நின்று தொழுவதே ஆபத்தாக இருந்த ஊரில் யாரைக் கூவி அழைப்பது? 622இல் முஹம்மது நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் 400 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருந்த மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இதுதான் ஹிஜ்ரத், இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்ததும் பள்ளிவாசல் கட்டினார்கள். சுடாத மண்கல் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், பேரீச்ச ஓலைக் கூரை. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். மினாரா கிடையாது, குவிமாடம் கிடையாது.

இப்போது ஒளிந்து தொழ வேண்டியதில்லை. ஆனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் சேர்ப்பது எப்படி? பேரீச்சந் தோப்புகள் நிறைந்த ஊர் அது. ஒருவர் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார், இன்னொருவர் சந்தையில் விலை பேசிக்கொண்டிருப்பார். கடிகாரம் இல்லாத காலம். சூரியனைப் பார்த்து அவரவர் ஒரு கணக்குப் போட்டு வந்தார்கள். முந்தி வந்தவர் வேலையைப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். பிந்தி வந்தவருக்குத் தொழுகை தவறிவிடும்.

ஒருநாள் இதை உட்கார்ந்து பேசினார்கள். தொழுகை நேரம் வந்ததும் ஒரு கொடியை ஏற்றிவிடலாம், பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லட்டும் என்றார் ஒருவர். நபிகளுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கொடி விழித்திருப்பவனுக்குத்தான் உதவும், வைகறைத் தொழுகையான சுப்ஹு நேரத்தில் தூங்குபவனை எழுப்பாது என்று நமக்கே தோன்றுகிறது. யூதர்களைப் போலக் கொம்பு ஊதலாம் என்றார் ஒருவர். கிறிஸ்தவர்களைப் போல நாகூஸ் தட்டலாம் என்றார் மற்றொருவர். நெருப்பு மூட்டலாம் என்ற யோசனையும் வந்தது. இந்த மூன்றில் ஒவ்வொன்றும் ஏற்கெனவே வேறொரு சமூகத்தின் அடையாளமாக இருந்தது.

நபித்தோழர் உமர் சொன்ன யோசனைதான் எல்லாவற்றிலும் எளியது. ஓர் ஆளை அனுப்பித் தொழுகைக்கு அழைக்கச் சொன்னால் என்ன என்று கேட்டார். நபிகள் பிலால் என்ற தோழரை எழுந்து அழைக்கச் சொன்னார்கள். இது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உமரின் மகன் இப்னு உமர் வழியாக வரும் செய்தி. அப்போது பிலால் கூவியது இன்றைய பாங்கு அல்ல, தொழுகைக்குக் கூடுங்கள் என்ற வெறும் அறிவிப்புதான் என்று பல அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

பச்சை உடை மனிதர்

அறிவிப்பு மட்டும் போதவில்லை போலும். கடைசியில் நாகூஸ் என்றே முடிவாகி, அரைமனதோடு உத்தரவும் போனது. இந்த இடத்தில்தான் அப்துல்லாஹ் இப்னு ஸைத் வருகிறார். மதீனாவின் கஸ்ரஜ் குலத்தவர். நபிகள் மதீனாவுக்கு வரும் முன்பே அகபா கணவாயில் உறுதிமொழி கொடுத்தவர்களில் ஒருவர்.

அவர் கண்ட கனவை அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் காணலாம். பச்சை உடை உடுத்திய ஒருவர் கையில் நாகூஸோடு போகிறார். அப்துல்லாஹ் அவரை நிறுத்தி, இதை விற்பீர்களா என்று விலை கேட்கிறார். எதற்கு என்கிறார் அவர். தொழுகைக்கு அழைக்க என்கிறார் அப்துல்லாஹ். அதைவிட நல்லதொன்றைக் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டு, அந்த மனிதர் பாங்கின் வரிகளைச் சொல்லிக் கொடுக்கிறார். கட்டை வாங்கப் போனவர் வாக்கியங்களோடு விழித்தெழுகிறார்.

விடிந்ததும் நபிகளிடம் போய்ச் சொன்னார். இறைவன் நாடினால் இது உண்மையான கனவு என்று நபிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அழைக்கும் பொறுப்பைக் கனவு கண்டவரிடம் கொடுக்கவில்லை. பிலாலோடு நின்று வரிகளை அவருக்கு எடுத்துச் சொல்லும்படியும், குரல் வளம் அவருக்கே அதிகம் என்றும் சொன்னார்கள். அப்துல்லாஹ் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, பிலால் உரக்க அழைத்தார். வீட்டிலிருந்த உமர் காதில் அது விழுந்தது. மேலாடை தரையில் இழுபட ஓடி வந்து, இதையே நானும் கனவில் கண்டேன் என்றார். இருபது நாளுக்கு முன்பே கண்டும் சொல்லாமல் இருந்துவிட்டார் என்கிறது ஓர் அறிவிப்பு.

இது நடந்தது ஹிஜ்ரி முதலாம் ஆண்டு என்பதே பெரும்பாலானோர் முடிவு. அப்துல்லாஹ்வுக்கு அதன்பிறகு 'அதானுக்கு உரியவர்' என்ற பெயரே நிலைத்தது.

ஆறு வாக்கியங்கள்

அப்துல்லாஹ் கனவில் கேட்ட பாங்கில் மொத்தம் 15 வரிகள். திரும்ப வருவதைக் கழித்தால் ஆறே வாக்கியங்கள்.

முதல் வாக்கியம் இறைவன் மிகப் பெரியவன் என்கிறது. 'அக்பர்' என்பது அரபி இலக்கணத்தில் ஒப்பீட்டுச் சொல். எதைவிடப் பெரியவன் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. கேட்பவர் அப்போது எதில் மூழ்கியிருக்கிறாரோ, அதை அந்த வெற்றிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வணக்கத்துக்குரியவன் அவன் ஒருவனே என்ற சாட்சியம். தவ்ஹீது எனப்படும் ஓரிறைக் கொள்கை இதுதான். இஸ்லாத்தின் மற்ற எல்லாமே இதன்மேல் எழுப்பப்பட்டவை. மூன்றாவது, முஹம்மது அவனுடைய தூதர் என்ற சாட்சியம். தூதர், அவ்வளவுதான்; வணங்கப்படுபவர் அல்ல. இந்த இரண்டும் சேர்ந்தால் கலிமா. இரண்டுமே தன்மை ஒருமையில் இருக்கின்றன: 'நான்' சாட்சி சொல்கிறேன். அழைப்பவர் ஊர் சார்பில் அறிவிக்கவில்லை; தன் நம்பிக்கையைத் தானே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுகிறார்.

தொழுகைக்கு வாருங்கள் என்பது நான்காவது. கூட்டம் சேர்ப்பதற்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். ஐந்தாவது, ஃபலாஹை நோக்கி வாருங்கள் என்பது. வெற்றி என்று இதைத் தமிழில் மொழிபெயர்க்கிறோம். இந்தச் சொல்லின் வேர் நிலத்தை உழுவதைக் குறிக்கும். அரபியில் 'ஃபல்லாஹ்' என்றால் உழவன். பாடுபட்டுப் பெறும் விளைச்சல் போன்ற வெற்றி. விதைப்பது இம்மையில், அறுவடை மறுமையில் என்பது இஸ்லாத்தின் நம்பிக்கை. தோப்புக்காரர்களின் ஊரில் அந்தச் சொல் சரியான காதுகளில்தான் விழுந்திருக்கிறது.

இறைவனின் பெருமையை மீண்டும் சொல்லிவிட்டு, ஆறாவது வாக்கியத்தில் ஓரிறைக் கொள்கையோடு பாங்கு முடிகிறது. முன்பு சாட்சியமாக வந்த அதே கருத்து, இம்முறை 'நான் சாட்சி சொல்கிறேன்' என்பது உதிர்ந்து, தனி உண்மையாக நிற்கிறது.

மதரஸாப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பட்டியல் இதைவிட நீளம். கடமைகள் ஐந்து: கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். நம்ப வேண்டியவை ஆறு: அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், நபிமார்கள், மறுமை நாள், விதி. தூய வெண்ணிற உடையில் முன்பின் தெரியாத ஒருவராக வந்து ஜிப்ரீல் என்ற வானவர் கேட்ட கேள்விகளுக்கு நபிகள் சொன்ன பதில்களில் இந்தப் பட்டியல் இருக்கிறது. பாங்கில் நோன்பும் ஜகாத்தும் ஹஜ்ஜும் இல்லை. ஆனால் தூதரை ஏற்றுக்கொண்டவர், அவர் கொண்டுவந்த வேதத்தையும், அதைக் கொண்டுவந்து தந்த வானவரையும், அவர் விதித்த கடமைகளையும் ஏற்றுக்கொண்டவராகிறார். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் காழி இயாழ் இஸ்லாமிய நம்பிக்கை முழுவதையும் பாங்கு தன்னுள் அடக்கியிருக்கிறது என்று எழுதியது இந்தக் கணக்கில்தான்.

நாகூஸ் தட்டியிருந்தால் நேரம் தெரிந்திருக்கும். எதற்காக என்பது தெரிந்திருக்காது.

யார் குரல்?

பிலால் இப்னு ரபாஹ் ஹபஷா எனப்படும் அபிசீனிய வம்சாவளியினர். மக்காவில் உமையா இப்னு கலஃப் என்ற குறைஷித் தலைவரின் அடிமையாக இருந்தார். இஸ்லாத்தை ஏற்றதற்காக உச்சிவெயிலில் சுடுமணலில் கிடத்தி, நெஞ்சின்மேல் பாறையை ஏற்றி, மறுத்துவிடு என்று வதைத்தார்கள். அவர் வாயிலிருந்து வந்தது 'அஹத்' என்ற ஒரே சொல். ஒருவன் என்று பொருள். நபித்தோழர் அபூபக்ர் அவரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்.

பாங்கின் இரண்டாவது வாக்கியத்தை இந்தப் பின்னணியோடு கேட்க வேண்டும். எதைச் சொன்னதற்காக அவர் நெஞ்சில் பாறை ஏறியதோ, அதையே மதீனாவில் உயரத்தில் நின்று உரக்கச் சொல்லும் வேலை அவருக்குக் கிடைத்தது. இறைவன் ஒருவன் என்றால் அவன்முன் மனிதர்களில் மேல் கீழ் இல்லை என்பது இஸ்லாம் அதிலிருந்து எடுக்கும் முடிவு. அந்த முடிவை விளக்கவுரை இல்லாமலே ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் காட்டிவிட்டார்கள்.

மினாரா இல்லாத பள்ளிவாசலில் உயரத்துக்கு என்ன செய்தார்? பக்கத்தில் நஜ்ஜார் குலத்துப் பெண் ஒருவரின் வீடு இருந்தது. சுற்றிலும் அதுதான் உயரம். விடிவதற்கு முன்பே பிலால் அந்தக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கிழக்கு வெளுக்கக் காத்திருப்பார். அந்தப் பெண்மணியே இதைச் சொல்லியிருக்கிறார்.

மதீனாவில் பாங்கு சொல்ல இன்னொரு மோதினாரும் இருந்தார். இப்னு உம்மி மக்தூம், கண் தெரியாதவர். ரமளானில் பிலால் இருட்டோடு பாங்கு சொல்வார், அது எழுப்புவதற்கு. இப்னு உம்மி மக்தூமின் குரல் கேட்கும்வரை உண்ணலாம், பருகலாம் என்றார்கள் நபிகள். விடியலை அறிவிப்பவரால் விடியலைப் பார்க்க முடியாது. விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகே அவர் அழைப்பார்.

630இல் மக்கா முஸ்லிம்கள் வசமானதும் கஅபாவின் கூரைமேல் ஏறிப் பாங்கு சொல்லப் பணிக்கப்பட்டவரும் பிலால்தான். குறைஷிகளில் சிலர் முகம் சுளித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அதே ஆண்டில் ஹுனைன் போருக்குப் பின், வழியில் கேட்ட பாங்கைக் கேலியாகத் திருப்பிச் சொன்ன இளைஞர்களில் ஒருவரை நபிகள் அழைத்து, முழுப் பாங்கையும் கற்றுக் கொடுத்து, மக்காவின் மோதினார் ஆக்கினார்கள். அவர் அபூ மஹ்தூரா. கேலி செய்தாலும் குரல் நன்றாக இருந்தது.

அவருக்குக் கற்றுத் தந்த முறையில் சாட்சிய வரிகள் முதலில் தணிந்த குரலிலும் பிறகு உரத்தும் வரும். மொத்தம் 19 வரிகள். ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) அதைப் பின்பற்றுகிறது, ஹனஃபி மத்ஹப் 15 வரிகளை. தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் அதிகம். தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்திலும் வேறுபாடு உண்டு: ஷாஃபிகளுக்கு 11 வரிகள், ஹனஃபிகளுக்கு 17. ஷியாக்கள் நற்செயலுக்கு அழைக்கும் வரியைச் சேர்த்துச் சொல்வார்கள். சுப்ஹு பாங்கில், தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற வரியை ஸுன்னிகள் சேர்த்துச் சொல்வார்கள்.

632இல் நபிகள் காலமானார்கள். பிலால் அழைப்பதை நிறுத்திக்கொண்டு சிரியாவுக்குப் போய்விட்டார். கலீஃபா உமர் அங்கே சென்றபோது ஒருமுறை கேட்டுக்கொண்டதற்காகச் சொன்னார் என்றும், கூடியிருந்தவர்கள் அழுதார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

கூரையிலிருந்து ஒலிபெருக்கிக்கு

ஊர் பெருகியபோது மூன்றாம் கலீஃபா உஸ்மான், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாளில் மதீனாச் சந்தைப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பாங்கு சொல்ல ஏற்பாடு செய்தார். 673இல் எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் அம்ர் பள்ளிவாசலின் நான்கு மூலைகளிலும் பாங்கு சொல்லக் கோபுரங்கள் எழுந்தன. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா வலீத் காலத்தில் மதீனா பள்ளிவாசலுக்கும் மினாராக்கள் வந்தன. பக்கத்து வீட்டுக் கூரைக்கு இனி வேலையில்லை.

நேரம் பார்ப்பது தனிக் கலையாக வளர்ந்தது. பிற்பகல் தொழுகையான அஸர் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டுவைத்த குச்சியின் நிழல், உச்சிப்பொழுது நிழலைக் கழித்து, குச்சியின் நீளத்துக்குச் சமமானால் ஷாஃபிகளுக்கு அஸர். இரு மடங்கானால் ஹனஃபிகளுக்கு அஸர். இதைக் கணிக்கப் பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற நேரக் கணிப்பாளர்கள் இருந்தார்கள். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் முவக்கித்தான இப்னு அல்-ஷாதிர் பெரிய வானியலாளர். அங்குள்ள மினாராவுக்காக அவர் 1371இல் ஒரு சூரியக் கடிகாரம் செய்து வைத்தார்.

மதீனாவில் வேண்டாம் என்று வைத்த கருவிகள் வேறு ஊர்களில் துணைக்கு வந்தன. இந்தோனேசியாவில் பாங்குக்கு முன் 'பெதுக்' என்ற பெரிய முரசு ஒலிக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்கள் பலவற்றில் நகரா அடித்திருக்கிறார்கள். முரசு அடித்த பிறகும் பாங்கு சொல்லியாக வேண்டும். 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி வந்தது.

சொற்கள்மேலும் கை வைத்துப் பார்த்தார்கள். துருக்கியில் 1932 முதல் 1950 வரை பாங்கு துருக்கி மொழியில்தான் சொல்லப்பட்டது. அல்லாஹ் என்ற பெயருக்குப் பதில் 'தன்ரி' வந்தது. 'ஃபலாஹ்' மட்டும் அரபியிலேயே தங்கிவிட்டது. 1950 ஜூனில் அரபிப் பாங்கு மீதான தடை நீங்கியதும் மக்கள் பழைய பாங்குக்கே திரும்பினார்கள்.

மார்க்கமே அனுமதிக்கும் மாற்றமும் ஒன்று உண்டு. கடும் மழை நாளில், தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக, வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லும்படி நபித்தோழர் இப்னு அப்பாஸ் மோதினாருக்குச் சொன்னார். நபிகள் காட்டிய வழி இது என்றும் விளக்கினார். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது குவைத் பள்ளிவாசல்களில் அந்த வரி மீண்டும் ஒலித்தது. வாருங்கள் என்பதற்காகப் பிறந்த அழைப்பு, உயிரைக் காக்க வராதீர்கள் என்றும் சொன்னது.

இன்று தொழுகை நேரம் தெரியப் பலரும் பாங்கை நம்பியிருக்கவில்லை. செல்பேசியில் செயலி இருக்கிறது, சுவரில் டிஜிட்டல் கடிகாரம் இருக்கிறது. இருந்தும் குழந்தை பிறந்தால் வலக்காதில் பாங்கு, இடக்காதில் இகாமத். எந்தத் தொழுகைக்கும் அந்தக் குழந்தை அப்போது போகப்போவதில்லை. நேரத்துக்காக மட்டும் பாங்கு என்றால் அந்தக் காதில் அதற்கு என்ன வேலை?

பதிவு செய்த குரலை ஓடவிட்டால் பாங்கு நிறைவேறாது என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பாலானோரின் தீர்ப்பு. ஒலிபெருக்கி இருக்கலாம், மினாரா இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேளையும் ஒரு மனிதர் தன் வாயால் சொல்லியாக வேண்டும். ஓர் ஆளை அனுப்பினால் என்ன என்று உமர் அன்று கேட்ட யோசனையை இதுவரை எந்தக் கருவியாலும் மாற்ற முடியவில்லை.